முப்பத்தேழு பேருக்கு ஒரு பெயர்

அத்தியாயம் ஏழு

அந்தக் குடும்பப் பெயரை இங்கே எழுத முடியாது. எழுதினால் மேடம் என் தோலை உரித்துவிடுவார். நாடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்தப் பெயர் உள்ளவர்கள் மொத்தம் முப்பத்தேழு பேர்தான். பெயரைப் போட்டால் விலாசத்தையே போட்டதாகிவிடும். அதனால் ‘அந்தப் பெயர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தேழு பேரிடமும் நான் போனில் பேசியாகிவிட்டது. துப்பறிய வருவதற்கு முன் நான் போனில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன். ஒரு நாளைக்கு நூறு பேர் முகத்தில் அடித்தாற்போல் போனை வைப்பார்கள். துடைத்துப் போட்டுவிட்டு நூற்றியோராவது நம்பரை அழுத்துவேன். இந்த ஒரு தகுதிக்காகத்தான் மேடம் என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். இந்த முப்பத்தேழு பேரில் ஒருவர், நான் வாயைத் திறந்ததுமே, “எங்க வீட்டுத் தண்ணி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார். என் குரலை அவர் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. எங்கள் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை ஆடும். மேஜை மேல் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் சிவப்பு மையில் மூன்று வட்டங்கள். மூன்றையும் நானே கோபத்தோடு அடித்திருந்தேன்.

“அந்தப் பேர்க்காரங்க சொந்த ஊரைத் தேடி மூணு நாள், மூணு ஊர்” என்றேன். “முதல் ஊர் ஊரே இல்ல, பெட்ரோல் பங்க். ரெண்டாவது ஒரு மொட்டைப் பாறை. மூணாவது ஊர்ல ஆள் இருந்தாங்க, ஆனா அது அந்த ஊர் இல்லையாம். அந்த ஊரா, அப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையேன்னு சிரிக்கறாங்க. ஏன் மேடம், ஒரு ஊரை யாராவது தூக்கிட்டுப் போயிட முடியுமா?”

“ரேடியோ, சத்தத்தைக் குறை” என்றார் மேடம்.

ரேடியோ நான்தான். மேடம் இருபது வருடம் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியவர். “உங்க வீட்ல எத்தனை பேர்?” என்ற கேள்விக்கு ஒரு மனிதன் எத்தனை விதமாகப் பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியும். துப்பறிய இதைவிட என்ன படிப்பு வேண்டும்? ஆனால் இந்த வழக்கில் அவருடைய படிப்பும் பலிக்கவில்லை, என் வாயும் பலிக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கட்சிக்காரப் பெண் வந்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இரண்டு இரவாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

“ஏதாவது கிடைச்சுதா, மேடம்?”

நான் வரைபடத்தை மடித்தேன். சும்மாதான், கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

இந்தப் பெண்ணின் கதை நியாயமாகப் பார்த்தால் கல்யாணத்தில் முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவள். கதவைத் திறந்து இறக்கிவிட்டவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து அவன் பதிவேட்டில் பெயர் எழுதினான். இவள் எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க ஏன் என் பேரை எழுதறீங்க?” என்று சண்டைக்குப் போனாள். அவன், “இது என் பேருங்க” என்றான். அந்தப் பெயர்! இருவருக்கும் அதே குடும்பப் பெயர்! அதன் பிறகு லிஃப்ட் அடிக்கடி பழுதானது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த அதிசயத்தை அப்பாவிடம் காட்ட அவனை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கேதான் வந்தது வினை. அப்பா கடிகாரக் கடைக்காரர். பையனைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தொலைந்த பங்காளி வீட்டுப் பிள்ளை தேடி வந்துவிட்டானாம். ‘மகனே, மகனே’ என்று உருகினார். பையனுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. அவனும் உருகிவிட்டான். கல்யாணம் என்று பேச்செடுத்ததும் அப்பா இடிந்து போனார். ஒரே பெயர், ஒரே ரத்தம், அவன் உனக்கு அண்ணன் முறை. வாயைக் கழுவு என்றார்.

“அப்பாவுக்கு அவரைப் பிடிக்கலைன்னா சண்டை போட்டிருப்பேன். பிடிச்சுப் போச்சு, மேடம். அதுதான் கஷ்டமா இருக்கு” என்றாள் எக்ஸ்ரே பெண்.

“ரத்தப் பரிசோதனை?” என்று நான் கேட்டேன். முதல் நாளே கேட்ட கேள்விதான். பதில் மாறியிருக்காதா என்ற நப்பாசை.

“மூணு வாரம் ஆகுமாம். வந்தாலும் அப்பா நம்ப மாட்டார். ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டாம், சர்க்கார் காகிதம் கொண்டு வான்னுட்டார். லிஃப்ட் கம்பெனில ஞாயித்துக்கிழமை அவருக்கு வேற ஊருக்கு மாற்றல். அப்பா சம்மதம் இல்லாம நான் கிளம்ப மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனா அப்பாவை அழ வச்சுட்டுப் போய் நான் எப்படிச் சிரிக்கறது?”

சொல்ல என்ன இருக்கிறது? இருவருக்கும் உறவில்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அதற்கு அந்தப் பெயர் இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும். நானும் முப்பத்தேழு பேரைக் குடைந்து பார்த்தேன். கிடைத்தது என்ன? முப்பத்தேழு பேரும் ஆறு குடும்பம். ஆறு குடும்பத்துக்கும் ஆறு கொள்ளுத்தாத்தா. ஆறு பேருக்கும் அப்பா பெயர் ஒன்று, சொந்த ஊர் ஒன்று, குலத்தொழில் ஒன்று: கடிகாரம் பழுது பார்ப்பது. பிரித்துக் காட்டச் சொன்னவளுக்கு நான் பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்!

“சாயந்திரம் அப்பா கடைக்கு வந்துடு. அவரையும் வரச் சொல்லு” என்றார் மேடம்.

“எதுக்கு, மேடம்? என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியலம்மா. எதுவானாலும் நேர்ல சொல்லிடறேன்.”

பதிவறை ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன் எல்லோரும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. அதுவரை ஏழை பாழைகளுக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. குடும்பத்துக்கு ஒரு தாள், வீட்டுத் தலைவர் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்களெல்லாம் கட்டுக் கட்டாக இங்கே கிடக்கின்றன. கடைசி நம்பிக்கை இதுதான்.

கவுன்ட்டரில் ஒரு குமாஸ்தா. கழுத்தில் கண்ணாடி, கையில் ரப்பர் ஸ்டாம்ப், முகத்தில் உலகத்தின் மேல் ஒரு வெறுப்பு.

“ஆறு தாள் வேணும் சார்” என்றேன்.

“ஒரு தாளுக்கு ஒரு விண்ணப்பம்.”

“சரி, ஆறு விண்ணப்பம் கொடுங்க.”

“ஒரு நேரத்துக்கு ஒண்ணு. பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தா அடுத்தது.”

“ஆறும் ஒரே அலமாரியில இருந்தா?”

“ஒரே அலமாரியிலதான் இருக்கு” என்றார் நிம்மதியாக. “ஆறு தடவை போவேன்.”

எழுதினேன். பெயர், அப்பா பெயர், விலாசம், தொழில், காரணம். ஸ்டாம்ப் அடித்தார். போனார். இருபது நிமிடம் கழித்து ஒரு தாளோடு வந்தார். லிஃப்ட்காரனின் கொள்ளுத்தாத்தா. எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுங்கி நடுங்கி, கட்டை விரல் உயரத்துக்கு நின்றன. அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

இரண்டாவது தாளுக்கு முக்கால் மணி நேரம். அதே அப்பா. அதே அம்மா. அதே ஊர். மூன்றாவதும் அதே. நான்காவதும் அதே. கதவு எண் ஒன்று, முதல் தெரு, தொழில் கடிகாரம் பழுது பார்ப்பது.

“போச்சு” என்றேன். “ஒரே வீட்ல இருந்திருக்காங்க மேடம். கதவு நம்பர் வரைக்கும் ஒண்ணு. இதைக் கொண்டு போய்க் காட்டினா அப்பா பையனைத் தத்தே எடுத்துக்குவார்.”

“பிறந்த தேதியைப் பார்த்தியா?” என்றார் மேடம்.

பார்த்தேன். முதல் மாதம், முதல் தேதி. வருடமும் ஒன்று. நான்கு தாளிலும்!

“நாலு பேரும் ஒரே நாள்ல பிறந்தாங்களா? அந்தம்மா என்ன ஆகியிருப்பாங்க! ஆறும் இதே தேதின்னா ஊரே திருவிழாவா கூடியிருக்கும். ஊர் காணாமப் போனதே அதனாலதான் இருக்கும்.”

மேடம் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, வாய் தானாகப் பேசியது. நான்கு தாளும் பதிவான இடத்தை மேடம் விரலால் தொட்டுக் காட்டினார். நான்கும் ஒரே செங்கல் சூளையில், ஒரே நாளில்.

“செங்கல் சூளையில நாலு கடிகாரக்காரங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

“செங்கலுக்கு நேரம் பார்க்கவா?”

“இன்னொண்ணு. மேல பதினாலு வரி எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடத் தெரியாதா? எதுக்குப் பெருவிரல் வச்சான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். மேடம் கேள்வி கேட்டால் வழக்கமாகப் பதில் அவர் கைப்பைக்குள் இருக்கும். இன்று பை காலி.

ஐந்தாவது விண்ணப்பம். கை வலித்தது. பசித்தது. மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கவுன்ட்டர் மூடும். பார்க்காமலே கிறுக்கி நீட்டினேன். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“உன் பேர் இதுவா?”

“ஆமா சார்.”

“உன் அப்பா பேர் இது? தொழில் ‘பள்ளித் தலைமை ஆசிரியர்’?”

எட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. கவுன்ட்டர் மேல் கண்ணாடிக்கு அடியில் எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார்கள். நான் ஐந்தாவது தடவையாக வரிசை பார்த்துப் பார்த்து எழுதியதில், அதில் இருந்த ஆளையே வரிக்கு வரி இறக்கி வைத்திருந்தேன்.

“மேல ‘மாதிரி’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, கண்ணு எங்க போச்சு?” குமாஸ்தா தாளைக் கிழித்தார். “தினம் நாலு பேர் இப்படி. தினம் நாலு தலைமை ஆசிரியர் வந்து நிக்கறான் எனக்கு முன்னால.”

நான் தலையைச் சொறிந்துகொண்டு புதுத் தாளுக்குக் கை நீட்டினேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

“இப்படி எழுதறவங்க எல்லாம் படிச்சவங்களா, சார்?”

“உங்க ஆளைப் போல படிச்சவங்கதான். அவசரம், வேற என்ன?”

“படிக்காதவங்களா இருந்தா?”

குமாஸ்தா யோசித்தார். “படிக்காதவன் இன்னும் சுத்தமா எழுதுவான். எது பேரு, எது ஊருன்னு அவனுக்குத் தெரியாதே. சித்திரத்தைப் பார்த்துச் சித்திரம் போடறாப்ல போட்டுட்டுப் போயிடுவான்.”

மேடம் மெல்ல மூச்சு விட்டார். “ரேடியோ, நான் இருபது வருஷம் வீடு வீடாப் போயிருக்கேன். ஒரு குடும்பம்கூட முதல் மாசம், முதல் தேதி, முதல் தெரு, ஒண்ணாம் நம்பர்னு நேரா பதில் சொன்னதில்ல. நிஜமான வாழ்க்கை இவ்வளவு ஒழுங்கா இருக்காதுடா. இப்படிச் சுத்தமா ஒரு ஆளை யாரோ மேஜையில உட்கார்ந்து தயார் பண்ணியிருக்காங்க.”

“அப்ப அந்த ஊர்...”

“எந்த வரைபடத்துலயும் இருக்காது.”

“மூணு நாள் மேடம்! பெட்ரோல் பங்க்ல அந்த ஆள் என்னைப் பைத்தியம்னு...”

“ஐஞ்சாவது வேண்டாம் சார்” என்று மேடம் குமாஸ்தாவிடம் திரும்பினார். “ஆறாவதைக் கொடுங்க. அதுதான் எங்க கட்சிக்காரப் பொண்ணோட கொள்ளுத்தாத்தா.”

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி. கவுன்ட்டர் கதவை எங்கள் மூக்கில் இழுத்து மூடினார்.

ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தப் புத்தகம் தணிக்கைக்குப் போய்விடும். இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. இரண்டே காலுக்கு அவர் வாய் கழுவி முடித்தார். இரண்டரைக்கு ஆறாவது தாள் வந்தது.

அதே பெயர், அதே அப்பா, அதே ஊர், அதே தேதி, கீழே அதே பெருவிரல். ஆனால் இந்தத் தாளின் உச்சியில், வலது மூலையில், பட்டையாக ஒரு மைக்கறை. யாரோ அதிகாரி பேனாவை அழுத்தி அழுத்தி எதையோ அடித்திருந்தார்.

“ஜன்னல்கிட்டக் கொண்டு போ. பின்பக்கம் வெளிச்சம் படட்டும்” என்றார் மேடம்.

கொண்டு போனேன். வெயில் தாளுக்குப் பின்னால் விழுந்தது. அடித்த மைக்கு அடியில் அதே நடுங்கும் எழுத்துகள் மூன்று, பெரிதாக, கவனமாக, கொஞ்சமும் விடாமல் வரையப்பட்டிருந்தன.

மாதிரி.

பாவம், அந்த மனுஷன் எதையும் விட்டுவிடக் கூடாது என்று அதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அதுவரை எங்களை எதிரியாகப் பார்த்த குமாஸ்தா தானாக எழுந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். சூளையின் மொத்தத் தாள்கட்டையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்.

“விண்ணப்பம்?” என்றேன்.

“கிடக்கட்டும்” என்றார்.

கட்டின் கடைசியில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஒவ்வொரு வேலைத்தலத்திலும் நிரப்பிய படிவம் ஒன்றைச் சுவரில் அடிக்க வேண்டும். தொழிலாளர்கள் அதைப் பார்த்து நிரப்பட்டும். அலுவலர்களை வீணாகத் தொந்தரவு செய்யக் கூடாது. அதற்கும் அடியில் அந்தப் படிவமே இருந்தது. நாலு மூலையிலும் ஆணி ஓட்டை. மேலே ‘மாதிரி’. கீழே அந்தப் பெயர், அந்த அப்பா, அந்த ஊர், கடிகாரம் பழுது பார்ப்பவர். கையெழுத்து இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பார்த்து எழுத அங்கே ஒன்றுமில்லை, அதனால்தான் ஆறு பேரும் விரலை வைத்திருக்கிறார்கள்.

“எழுதத் தெரிஞ்சவன் தன் பேரை எழுதிட்டான். ஆள் வச்சு எழுதினவனும் தப்பிச்சான். யாருமில்லாத ஆறு பேர் மட்டும் சுவரைப் பார்த்து வரைஞ்சிருக்காங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் உறவில்ல” என்றார் மேடம்.

கடிகாரக் கடைக்கு ஐந்தரைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கடிகாரம். கண்ணில் ஒற்றைப் பூதக்கண்ணாடியோடு அப்பா மேஜையில் குனிந்திருந்தார். அம்மா கல்லாப் பக்கம் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே பெண் ஒரு ஓரத்தில், லிஃப்ட்காரன் எதிர் ஓரத்தில். அவன் விடைபெற வந்தவனைப் போலவே நின்றான்.

“வாங்க. என்ன, என் மகனை எனக்கு இல்லைன்னு சொல்ல வந்தீங்களா?” என்றார் அப்பா.

மேடம் மூன்று நகல்களை மேஜையில் வைத்தார். லிஃப்ட்காரனின் கொள்ளுத்தாத்தா, இவருடைய தாத்தா, சுவரில் இருந்த படிவம். அப்பா குனிந்தார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். மூலையில் மைக்கு அடியில் இருந்த மூன்று எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். நிமிரவேயில்லை.

“எங்க தாத்தாவுக்கு எழுதத் தெரியாதா?”

“தெரியாதுங்க” என்றார் மேடம்.

“சூளையில செங்கல் தூக்கினாரா?”

“ஆமாங்க.”

“நடுவுல ஒரு தலைமுறை தொழில் விட்டுப் போச்சு, நான்தான் மீட்டேன்னு...” அவர் முடிக்கவில்லை. “பதினாறு வயசுல போய் ஒருத்தன்கிட்டக் கால் பிடிச்சுக் கத்துக்கிட்டேன். ரத்தத்துல இருக்கு, வந்துடும்னு நினைச்சேன். வரவே மாட்டேன்னுது. எத்தனை கடிகாரத்தைக் கெடுத்தேன் தெரியுமா?”

வேலை முடிந்தது, பெண் பிழைத்தாள் என்று நான் எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி லிஃப்ட்காரனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“நேத்து வரைக்கும் இவன் என் ரத்தம். அதனால பொண்ணைத் தர முடியாதுன்னேன். இன்னைக்கு இவன் யாரு? எந்த வீட்டுப் பிள்ளை? யாருன்னே தெரியாத ஆளுக்குப் பொண்ணை எப்படிக் கொடுக்கறது?”

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. சுவரில் இடமில்லை. மூன்று நாள் அலைச்சல், ஐந்து விண்ணப்பம், ஒரு மணி நேரப் படிக்கட்டு. எல்லாம் இதற்குத்தானா? உறவு என்றாலும் கிடையாது, உறவில்லை என்றாலும் கிடையாது! நான் வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

“அப்பா” என்றாள் எக்ஸ்ரே பெண். மேலே வரவில்லை. அழுதுவிட்டாள்.

அம்மா சாவியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“எங்க அப்பா என்னை இங்க கொடுத்தது கடிகாரக்காரங்க பரம்பரைன்னு நம்பித்தான்.”

“அதுக்கு?” என்றார் அப்பா.

“பரம்பரை இல்லைன்னு ஆயிடுச்சே. அப்ப முப்பத்திரண்டு வருஷமா யாருன்னே தெரியாத ஒரு ஆளோட குடும்பம் நடத்தியிருக்கேன்.”

“அதுக்கு இப்ப என்னங்கறே?”

“ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சுங்கறேன்.”

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணில் இருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து லிஃப்ட்காரன் பக்கம் தள்ளினார்.

“உட்காருங்க” என்றார்.

இரண்டு வருடத்தில் அவனை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. பையன் முகம் வெளுத்துவிட்டது. முக்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்குங்க.”

“உங்க அப்பா என்ன பண்றார்?”

தெரிந்தே கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையன் சுவரில் இருந்த கடிகாரங்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“கடிகாரக் கடை வச்சிருக்காருங்க” என்றான்.

கடைக்காரரின் கை மேஜை மேல் எதையோ தேடியது. எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

“எப்படிப்பட்டவர்?”

“நல்லவருங்க. கொஞ்சம் பிடிவாதம்.”

“கல்யாணத்துக்கு ஒத்துக்குவாரா?”

“தெரியலைங்க. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

கடைக்காரர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். எக்ஸ்ரே பெண் மூச்சுவிடாமல் நின்றாள். நானும்தான்.

“நீங்க கவலைப்படாதீங்க” என்றார் அவர். “நான் அவர்கிட்ட பேசறேன். ஒத்துக்குவார்.”